நடை சாத்தும் நேரம்

ஓசூர் சிப்காட்டை ஒட்டி, முன்பு ரோஜாத் தோட்டம் இருந்த இடத்தில், சரசம்மா லைன் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரையே தன் சுவராகக் கொண்ட எட்டு வீடுகள், ஒரு பொதுக் குழாய், முனையில் சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில். நிலம் சரசம்மாவின் மாமனாருடையது. கம்பெனிகள் வந்தபோது பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதில் வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டாள். மனசு கேட்காமல் கோயிலையும் கட்டினாள். அவளுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சாமியிடம் தமிழ். குடியிருப்பவர்களைத் திட்டும்போது மட்டும் மூன்றும் சேர்ந்து வரும்.

அந்த லைனில் நல்லவர்களுக்குக் குறைவே இல்லை. சுகுணாவின் கஷ்டமே அதுதான்.

சுகுணா மூன்றாவது வீட்டில் குடியிருந்தாள். வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்க்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றபடியே பெட்டி தூக்க வேண்டும். மணிக்கட்டு இரண்டும் மரத்துப்போய், வீட்டில் தோசைக்கரண்டியைப் பிடித்தால் அது கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். இந்த நிலையில்தான் கம்பெனி, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பெண்களுக்கும் பயிற்சி தருவதென்று முடிவு செய்து சுகுணாவையும் தேர்ந்தெடுத்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. கல்யாணமான நாளிலிருந்து சுகுணா உட்கார்ந்து செய்த வேலை பூண்டு உரிப்பது ஒன்றுதான். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், யாரும் பார்க்காதபோது, அந்த வண்டியின் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் நின்றிருந்ததால் சுட்டது. அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

நடுவில் நின்றது டாக்டர் கையெழுத்து. கம்பெனிக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர் தீர்த்தகிரி, அவளை எடை மெஷினில் நிறுத்தினார், ரத்த அழுத்தம் பார்த்தார், தலையை ஆட்டினார். இரண்டுமே அதிகம், இந்த அழுத்தத்தோடு வண்டி ஓட்ட அனுமதிக்க முடியாது என்றார். தை மாதம் பயிற்சி தொடங்குகிறது. அதற்குள் எடை குறைந்து அழுத்தமும் இறங்கினால் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சுகுணா பழையபடி பெட்டி தூக்கலாம்.

இதைச் சுகுணா கணவனிடம் மட்டும்தான் சொன்னாள். அன்புமணி இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தான். பகல் வேலை, இரவு தூக்கம், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனசு, எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத வாய். மறுநாள் காலை குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது, யாராவது வழி சொல்ல மாட்டார்களா என்ற நல்லெண்ணத்தில், மனைவியின் எடையை லைனுக்கே சொல்லிவிட்டான்.

அன்று முதல் சுகுணாவின் கதவைத் தர்மம் தட்ட ஆரம்பித்தது.

அடுத்த வீட்டு ராஜாத்தி கொள்ளு ரசம் கொண்டுவந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். யாருடைய இடுப்பு எவ்வளவு என்பது அவளுக்கு அத்துப்படி என்பதால் அக்கறையும் கொஞ்சம் கூடுதல். ஓனரம்மா சரசம்மா சீரகத் தண்ணீர் அனுப்பினாள். அது குடிக்கப்பட்டதா என்று பார்க்கத் தானே வந்தாள். கடைசி வீட்டுக்காரரின் மைத்துனர் அஞ்செட்டியிலிருந்து மலைத்தேன் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். மலையில் எந்தத் தேனீ சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இவர்கள் எல்லோரும் முற்பகலில்தான் வருவார்கள். ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபிறகுதான் மனிதருக்கு நல்லது செய்ய நேரம் கிடைக்கிறது. நைட் ஷிப்ட் வாரங்களில் சுகுணா வேலை முடித்து வந்து, மகள் அருணாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கும் நேரமும் அதுதான்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. மனிதவளப் பிரிவு மேடம் பிரவீனா, ‘நலமே பலம்’ என்று ஒரு போட்டி அறிவித்து, எல்லோர் மணிக்கட்டிலும் அடியெண்ணும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். போனில் ஒரு ஆப். அதிகம் நடப்பவர்களுக்குப் பரிசு. அந்த ஆப்புக்கு ஷிப்ட் என்று ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாது. சுகுணாவுக்கு அப்போதுதான் கண் சொருகும்; தலையணை ஓரத்தில் போன் கூவும். நீங்கள் நீண்ட நேரமாக அசையவில்லை, எழுந்து சற்று நடப்போமா என்று அன்பாகக் கேட்கும். தொழிலாளர்களில் நவீன்குமார் ஒருவன்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டான். வார்ப்புகளிலிருந்து மணலை உதிர்க்கும் சல்லடை மெஷினில் தன் பட்டையைக் கட்டித் தொங்கவிட்டான். மெஷின் ஷிப்ட் முழுக்கக் குலுங்கியது. கம்பெனியிலேயே அதிகம் நடப்பவன் என்று அவன் பெயர் தினமும் ஆப்பில் முதலிடத்தில் வந்தது.

சுகுணாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. வேலை முடிந்து வந்து, படுக்க வேண்டிய நேரத்தில் ரிங் ரோடு வரை நடந்தாள். பிறகு படுத்தாள். கதவு தட்டப்பட்டது, எழுந்தாள். மறுபடி படுத்தாள். பழைய இரும்பு, பேப்பர் வாங்குபவர் ஒலிபெருக்கியோடு வந்தார். ஒரு வாரம் இப்படிப் போய் உடம்பு அதற்குப் பழகும்போது ஷிப்ட் மாறிவிடும்.

விசித்திரம் என்னவென்றால், எடை ஏறியது. வீட்டில் ராகிக் களியும் கொள்ளு ரசமுமாகக் கட்டுப்பாடாக இருப்பாள். கேன்டீன் டீ வேளையில், எண்ணெயில் பொரித்த போண்டாவைக் கண்டதும் கை யாரோ ஒருத்தியின் கையைப்போல நீளும். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள டீ. டீயோடு இரண்டு பிஸ்கட். பிஸ்கட் தீர்ந்ததும் மறுபடி பசி. சாப்பிட்டுவிட்டு அழுகை வரும். தன் வாய்தான் தன் எதிரி என்று அவள் முடிவு செய்தாள். கோயிலைத் தாண்டும்போதெல்லாம், என் வாயைக் கட்டு தாயே என்று வேண்டிக்கொண்டாள்.

மாரியம்மன் அவள் வாயைக் கட்டவில்லை. கோளாறு வாயில் இல்லை என்பது அம்மனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் கூப்பிட்டார். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் சுகுணா போனாள். எடை கூடியிருந்தது. டாக்டர் தீர்த்தகிரி உணவு விவரம் கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள், போண்டாவையும் சேர்த்து. நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். காற்று இறங்குவதற்குள் சுகுணா தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில், தொலைந்துபோன ஒன்று திரும்பக் கிடைத்தவளின் அமைதி.

டாக்டர் நர்ஸை அழைத்து விளக்கை அணைக்கச் சொன்னார். தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மற்றவர்களை அங்கேயே பார்த்தார். காத்திருந்த சூப்பர்வைசர் ஒருவர், உள்ளே யார் என்று கேட்டதற்கு, சிகிச்சை நடக்கிறது என்றார்.

அவள் விழித்ததும் மறுபடி அழுத்தம் பார்த்தார். முதலில் பார்த்ததைவிட இறங்கியிருந்தது. இதை அவர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், இப்போதாவது கேட்டார்.

“நைட் ஷிப்ட்ல பகல்ல எவ்ளோ நேரம்மா தூங்கற?”

“படுக்கறது படுக்கறன் சார்.”

“தூங்கறது?”

சுகுணா யோசித்தாள். “கதவ தட்ற வரிக்கும்.”

டாக்டர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக விளக்கினார். தூக்கம் குறைந்த உடம்பில் பசியைக் கிளப்பும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. களைத்த உடம்பு கீரையைக் கேட்காது, இனிப்பையும் எண்ணெயையும்தான் கேட்கும். நடக்கத் தெம்பும் இருக்காது, ரத்த அழுத்தமும் இறங்காது. பட்டினி கிடந்தாலும் தூங்காமல் எடை குறைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். போண்டாவின் மேல் பழி போடாதே, முதலில் தூங்கு என்றார்.

எப்படித் தூங்குவது என்றும் சொன்னார். ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். காலையில் வரும்போது கண்ணில் வெயில் படாமல் முக்காடு போட்டுக்கொள். வந்ததும் லேசாகச் சாப்பிடு. ஜன்னலுக்குக் கனமான துணி. போன் வேறு அறையில். அந்த வாரம் முழுக்க ஒரே நேரத்தில் படு. நடையெல்லாம் தூங்கி எழுந்த பிறகு. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாற்றாமல் கொஞ்சம் நிதானமாக மாற்றுங்கள் என்று நிர்வாகத்திடமும் தான் சொன்னதாகவும், அவர்கள் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டு, தூங்கும் குழந்தையின் படம் போட்ட ஒரு சுவரொட்டியை வாசலில் ஒட்டியதாகவும் சொன்னார். சொல்லும்போதே பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

“நீங்க தூங்கறீங்களா சார்?”

“நாலு கம்பெனி, ஒரு கிளினிக். என்னக் கேக்காதம்மா.”

சுகுணா வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை அன்புமணியிடம் சொன்னாள். அவன் மறுநாள் காலை குழாயடியில் சொன்னான்.

லைனுக்கு மறுபடி உயிர் வந்தது. எடைக்கு மருந்து தூக்கம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. தூக்கத்துக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. சுகுணா பழைய கம்பளியை ஜன்னலில் கட்டி, போனைச் சமையலறை டப்பாவில் போட்டு, கண்ணை மூடிய சிறிது நேரத்தில் ராஜாத்தி கதவைத் தட்டினாள். ஜாதிக்காய் போட்ட பால், சூடாக. குடித்தால் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம் வரும் என்றாள். ஏற்கெனவே வந்திருந்த தூக்கத்தை எழுந்து வழியனுப்பிவிட்டு, சுகுணா பாலைக் குடித்தாள். அடுத்து கசகசா வந்தது. பிறகு உச்சந்தலைக்கு எண்ணெய். பதினொரு மணிவாக்கில் டப்பாவுக்குள் போன் அலறியது. ஏதோ ஆபத்து என்று ஓடி எடுத்தால் அன்புமணி. ஸ்டோர்ஸில் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததாம்.

“தூங்கிட்டியா சுகுணா?”

ஆப்பும் தன் பங்குக்கு, உங்கள் தூக்கம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரங்களுக்கு எத்தனை என்று கேட்டது.

எல்லோருக்கும் பிறகு, மத்தியானத்தில் சரசம்மா வந்தாள். அவள் கதவைத் தட்டுவது தனி ரகம். வளையல் கையால் நான்கு தட்டு; இடைவெளி விட்டு, பேர் சொல்லி இரண்டு தட்டு. கதவு திறந்ததும் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

“இன்னா கண்ணு, தூக்கம் வந்துச்சா?”

“வந்துக்கினே இருந்துச்சு ஓனரம்மா.”

அதிலிருந்த குத்தல் சரசம்மாவுக்கு எட்டவில்லை. வரும், நம்பிக்கையை விடாதே என்று தைரியம் சொல்லிவிட்டு, மருமகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மகனும் மருமகளும் பெங்களூரில். சரசம்மாவின் வீட்டில் மூன்று அறைகள். பேச ஆள் இல்லை.

வராதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுகுணாவால் முடியவில்லை. அருணாவுக்கு டெங்கு வந்தபோது இதே பெண்கள்தான் முறை போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார்கள். அப்படி உதவிய கையை, இன்று தட்டாதே என்று எப்படித் தள்ளுவது? அவள் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். மார்கழி பிறந்தது. தை கூப்பிடு தூரத்தில் இருந்தது. எடை மெஷின் முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மார்கழியில் ஒரு நாள், நைட் ஷிப்ட் முடித்து வந்து, பால், கசகசா, எண்ணெய் எல்லாம் முறையாக வந்துபோனபிறகு, இனி இன்று தூக்கம் இல்லை என்று சுகுணாவுக்கு விளங்கிவிட்டது. முகம் கழுவி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். டாக்டர் சொன்னபடி போன் டப்பாவிலேயே கிடந்தது.

பூசாரி திம்மப்பன் உச்சிக்காலப் பூஜையை முடித்துக்கொண்டிருந்தார். அன்று பேரிகைச் சந்தைக்குப் போகும் அவசரம் அவருக்கு. சுகுணா தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி வாகனங்கள் நிறுத்தியிருக்கும் மூலையில் தூணோரமாக உட்கார்ந்தாள். இந்த முறை வாயைக் கட்டச் சொல்லி வேண்டவில்லை. எனக்குக் கொஞ்சம் தூக்கம் கொடு என்று மட்டும் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் கொடுக்கப்பட்டுவிட்டது. திம்மப்பன் திரையை இழுத்து, கருவறைக் கதவைச் சாத்தி, முன்மண்டபத்துக் கம்பிக் கதவையும் இழுத்துப் பூட்டி, ‘நடை சாத்தப்பட்டுள்ளது’ என்ற பலகையை மாட்டிவிட்டு, மொபெட்டில் ஏறிப் போனார். சிம்ம வாகனத்தின் பின்னால் ஒரு பெண் தூங்குவதை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கோயிலில் நடை சாத்திய நேரம் என்றால் அது சரசம்மாவின் சட்டம். உச்சியிலிருந்து நான்கு மணி வரை அம்மன் இளைப்பாறும் நேரம். அந்த நேரத்தில் மணியைத் தொட்ட பிள்ளைகளின் காது திருகப்பட்டிருக்கிறது. கோயில் அருகே ஹாரன் அடித்த கம்பெனி பஸ் ஒன்று, டிரைவர் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகே நகர்ந்தது. பழைய இரும்புக்காரர்கூட அங்கே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளுவார். லைனிலேயே பகலில் சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான்.

சரசம்மா வழக்கம்போல வந்து சுகுணாவின் கதவைத் தட்டப் போனபோது பூட்டு தொங்கியது. ராஜாத்தியை விட்டுப் போன் போடச் சொன்னாள். பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்தது. இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. காலையிலேயே முகம் சரியில்லை என்று ராஜாத்தி இப்போதுதான் சொன்னாள். குழாயடி, கடை, ரோடு என்று தேடினார்கள். அன்புமணிக்குத் தகவல் போய், அவன் பர்மிஷன் போட்டுவிட்டு வெளுத்த முகத்தோடு வந்து சேர்ந்தான். லைனே திரண்டுவிட்டது. கடைசியில் ராஜாத்திதான் கோயில் கம்பி வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே கையை நீட்டிக் காட்டினாள்.

சிம்மத்தின் முன்னங்காலை ஒட்டி, சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்து, பக்கவாட்டில் சுருண்டு சுகுணா தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பு சீராக ஏறி இறங்கியது. மெல்லிய குறட்டைகூட வந்தது.

அன்புமணிக்கு உயிர் திரும்பியது. உடனே எழுப்பத் தோன்றியது. அவன் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். சரசம்மா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

“சும்னிரு.” சும்மா இரு என்பது கன்னடத்தில் வந்தது, அதுவும் மூச்சுக்காற்றாக.

“இல்ல ஓனரம்மா, தரை சில்லுனு இருக்கும். எழுப்பி வூட்டுக்கு...”

“நட சாத்தி இருக்கறப்ப மணி அடிப்பியா நீ?”

அவன் கம்பியை விட்டு ஒரு அடி பின்வாங்கினான். மாற்றுச் சாவி சரசம்மாவின் இடுப்பில் செருகியிருப்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பிக் கதவைத் திறந்தால் எழும் கிறீச்சொலி நெடுஞ்சாலை வரை கேட்கும் என்பதும் தெரியும். சரசம்மாவின் கை ஒருமுறை இடுப்புக்குப் போனது. சாவியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அவள் கம்பி வழியாகப் பார்த்தபடியே இருந்தாள். சுகுணாவின் ஒரு கை விரிந்து தரையில் கிடந்தது. பெட்டிகளின் பட்டை அறுத்து அறுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. தினமும் பார்க்கும் கைதான். கதவைத் திறக்கும் கை. கல்லாலான அம்மன் தூங்க வேண்டுமென்று ஊரையே அடக்குகிறவள், ரத்தமும் சதையுமாக இருப்பவளின் கதவை எத்தனை நாள் தட்டினோம் என்று நினைத்துப் பார்த்திருக்கக்கூடும். வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கை வரை ஏற்றி இறுக்கினாள். எல்லோரையும் கையசைத்து அனுப்பிவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் இரும்புக்காரரின் வண்டி திரும்பியது. அவர் வழக்கம்போல ஒலிபெருக்கியை அணைத்தார். சரசம்மா முதல் முறையாக அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான்கு மணிக்குத் திம்மப்பன் வந்து நடை திறந்தபோது, அம்மனும் சுகுணாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்தார்கள். திம்மப்பன் பயந்து போய், சாமி குத்தம் ஆகிவிட்டதோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரசம்மா, பெற்றவள் மடியில் பிள்ளை தூங்கினால் என்ன குத்தம் என்று மூன்று மொழியிலும் அவரை அடக்கினாள். பிறகு சுகுணாவின் அருகே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“மத்தியானம் எனக்குப் பொழுது போவவே மாட்டேங்குது கண்ணு. அதான் வந்து வந்து தட்டிட்டன்.”

சுகுணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் எந்திரிச்சதும் வரன் ஓனரம்மா. டீ வெச்சி எடுத்தாறன். ரெண்டு பேரும் குடிக்கலாம்.”

மறுநாள் காலை சுகுணாவின் கதவில் கோயிலின் பழைய பலகை தொங்கியது. ஒரு மூலையில் குங்குமம்கூட இருந்தது. ‘நடை சாத்தப்பட்டுள்ளது.’ ஆணி அடித்தால் சத்தம் வரும் என்று சரசம்மா அதைக் கயிற்றில் கட்டியிருந்தாள்.

நல்லவர்கள் எதையும் அளவோடு செய்வதில்லை. தட்டுவதில் காட்டிய அக்கறையை இப்போது தட்டாமல் இருப்பதில் காட்டினார்கள். ராஜாத்தி தையல் மெஷினை மறுசுவர்ப் பக்கம் மாற்றினாள். பருப்பை விடியலுக்கு முன்பே வேகவைத்து, குக்கர் விசிலை ஒழித்தார்கள். குழாயடிச் சண்டைகள் நான்கு மணிக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டன. அதற்குள் பாதிச் சண்டைக்குக் காரணம் மறந்துபோனது. அன்புமணி பதினொரு மணிக்குப் போனை எடுத்து, பார்த்து, பையில் போட்டுக்கொள்ளப் பழகினான். சுகுணா மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி டப்பாவில் போட்டாள். ஆப் அவளைப் பற்றி மிகவும் கவலைப்பட்டு, பிறகு கைவிட்டது.

சுகுணா தூங்கினாள். எழுந்ததும் டீ வைத்து எடுத்துக்கொண்டு சரசம்மாவிடம் போனாள். இருவரும் பேசிக்கொண்டே ஏரிக்கரை வரை நடந்து திரும்பினார்கள். கேன்டீனில் போண்டா முன்போலத்தான் பொரிந்தது. ஒரு நாள் அதைப் பார்த்தாள். அது வெறும் போண்டாவாக இருந்தது. ஷிப்ட் மாறும் வாரங்களில் திண்டாட்டம் தீரவில்லை. ஆனால் லைனுக்கு அவள் ஷிப்ட் மனப்பாடம் ஆகிவிட்டதால், எந்த வாரம் பலகையை எப்போது மாட்டுவது என்பதில் குழப்பம் வரவில்லை.

தை பிறந்தது. டாக்டர் தீர்த்தகிரி அவளை எடை மெஷினில் நிறுத்தினார். குறைந்திருந்தது, ஊரைக் கூட்டிச் சொல்லும் அளவுக்கு இல்லை, ஆனாலும் குறைந்திருந்தது. கையில் பட்டையைச் சுற்றினார். சுகுணா கண்ணை மூடி அம்மனை நினைத்தாள், தூங்கவில்லை. அவர் ஒரு முறை பார்த்தார், நம்பாமல் மறுபடி பார்த்தார். அழுத்தம் வரம்புக்குள் இருந்தது. என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார். கதவில் பலகை மாட்டினோம் என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பலகை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

அதே வாரம் ‘நலமே பலம்’ பரிசளிப்பு நடந்தது. முதல் பரிசு நவீன்குமாருக்கு. ஒரு ஜோடி நடைக் காலணி. இவரைப்போல எல்லோரும் ஓய்வில்லாமல் இயங்க வேண்டும் என்று பிரவீனா மேடம் மனதாரச் சொன்னார். அன்று மேடையில் இல்லாத சல்லடை மெஷின் பழுதாகி நின்றிருந்தது. மாதக்கணக்கில் ஓய்வே கொடுக்காமல் ஓட்டினால் எந்த மெஷினும் இப்படித்தான் ஆகும், இரண்டு நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்று மெயின்டனன்ஸ்காரர்கள் சொன்னார்கள். நிர்வாகம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டது.

பயிற்சி தொடங்க இரண்டு நாள் இருந்தது. சுகுணாவுக்குப் பேக்கிங்கில் கடைசி நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தவள், கோயில் மணி ஒலித்ததும் கண் விழித்தாள். நடை திறந்துவிட்டது. கதவைத் திறந்து காலை வெளியே வைக்கப் போனவள், வைக்க இடமில்லாமல் நின்றாள்.

வாசற்படி முழுக்கக் கிண்ணங்களும் தூக்குகளும். தட்டு போட்டு மூடி, மேலே கல் வைத்து. ராஜாத்தியின் கேசரி, யாரோ வாங்கிய மைசூர்பாகு, கடைசி வீட்டிலிருந்து அஞ்செட்டித் தேன் ஊற்றிய ஏதோ ஒன்று. அவள் பயிற்சிக்குப் போகும் செய்தி கேட்டு எல்லோரும் வந்திருக்கிறார்கள், பலகையைப் பார்த்திருக்கிறார்கள், சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எறும்புகள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவையும் சத்தம் போடவில்லை.

சுகுணா படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. கேசரியில் ஒரு வாய் மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு, மற்றதையெல்லாம் ஒரு பெரிய தாம்பாளத்தில் அடுக்கினாள். கோயிலில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பிறகு டீ வைத்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கோயில் படியில் சரசம்மா காத்திருந்தாள். பக்கத்தில் வாழையிலை மூடிய ஒரு பாத்திரம். ஒப்பட்டுப் போளியின் வாசனை வந்தது. சுகுணாவின் வாசற்படியில் மற்ற கிண்ணங்களோடு அதை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, நேரில் கொடுக்கவே பிடித்திருந்தது. நான்கு மணி தாண்டிவிட்டது, இனி எவ்வளவு உரக்கவும் பேசலாம். ஆனால் பழக்கத்தில் குரல் தாழ்ந்தே வந்தது.

“தூங்குனியா?”

“தூங்குனன் ஓனரம்மா,” என்று சொல்லி, சுகுணா அவளுக்கு டீ ஊற்றினாள்.